நாலாம் நீர்

சனிக்கிழமை. நீதிமன்றம் இல்லை.
கிம்பர்லி தெருவில் வாத்து தொங்கும் கடைக்கும்
சாவி வெட்டும் கடைக்கும் நடுவில்
சியூ லிங்கின் தேயிலைக் கடை.
மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி,
எப்போதும் இடப்பக்கம் சாயும் ஒரு பழைய தராசு.

முதல் நீர் நமக்கில்லை.
ஐந்து எண்ணுவதற்குள் வடித்து
தட்டில் குந்தியிருக்கும் மண்தவளையின்
தலையில் கவிழ்க்கிறாள்.
“நாலு வருசமாகக் குடிக்கிறது,
இன்னும் ஒரு கருத்தும் சொல்லவில்லை”
என்கிறாள் மலாயில்.
எனக்கும் அதே பிழைப்புதான்.
இவர் சொன்னதை அவருக்கு, அவர் சொன்னதை இவருக்கு;
நடுவில் நான் சொன்னதாக ஒன்றும் இருக்கக் கூடாது.

வெள்ளைத் தேயிலை:
பூனைக்குட்டிக் காதுபோல் மயிர் படிந்த மொட்டு.
குடித்தால் ஒன்றுமேயில்லை.
விழுங்கிய பிறகு
பக்கத்து அறையில் யாரோ வெள்ளரிக்காய் நறுக்குகிறார்கள்.

ஊலோங் மிளகளவு உருண்டை.
மூடிக் கோப்பைக்குள் சோம்பல் முறித்து
காம்போடு முழு இலையாக எழுந்து உட்கார்கிறது.
மூடியை முகர்கிறேன்.
செண்பகம் இல்லை,
செண்பக மரத்தடியில் நின்று கிளம்பிய பஸ்.

டார்ஜிலிங், முதல் பறிப்பு,
நூறு கிராம் தொண்ணூறு ரிங்கிட்.
வீட்டில் நடேசமூர்த்தி கணக்குப் போடுவார்:
முப்பத்தாறு தே தாரிக், நுரையோடு.
கணக்கு சரி.
அதனால்தான் அவரை அழைத்து வருவதில்லை.

கடைசியாக மூங்கில் கூடையிலிருந்து
கறுத்துக் கட்டிப்போன ஒன்றைப் பெயர்த்தெடுக்கிறாள்.
லியூ பாவ்.
ஈயம் தோண்ட வந்தவர்கள்
சூட்டுக்குக் குடித்த தேநீராம்.
நல்ல சரக்கென்றால் ஒரு வாசம் வர வேண்டும் என்கிறாள்:
பினாங்.

எந்தப் பினாங்?

எந்தப் பினாங் என்றால்? பினாங்தான்.
வெற்றிலைக்குள் வைப்பார்களே.

பாக்கு.
நாற்பத்தேழு வருசம் இந்தத் தீவில் இருக்கிறேன்,
அதன் பெயரை ஒருநாளும் முகர்ந்து பார்த்ததில்லை.

இரண்டாம் நீரில் ஈர மண்.
மூன்றில் மழைக்காலத்து மர அலமாரி.
நாலாம் நீரில்தான் வந்தது:
கொட்டைப்பாக்கைக் கடைவாயில் ஒதுக்கிய கணம்,
நாக்கின் ஓரங்கள் சுருங்கி
கன்னம் உட்பக்கமாக இழுபட,
“பாஹிட்?” என்று கேட்கிறாள்.
கைப்பா?
இல்லை. கெலாட்.
துவர்ப்பு.

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

மார்ச்சில் ஒரு சாட்சி, பொன்னுரத்தினம்,
பட்டர்வொர்த் துறைமுகத்தில் காவலாளி.
கூண்டில் மகன்.
விஷயம் தெரிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.
“வாயெல்லாம் துவர்த்துப் போச்சுங்க.”
நான் பாஹிட் என்றேன்.
பாஹிட் என்று தட்டினார் எழுத்தர்.

தீர்ப்பு அந்தச் சொல்லால் மாறியிருக்காது.
ஒரு சுவைக்காக யாரும் மேல்முறையீடு செய்வதில்லை.
ஆனால் கைப்பைத் துப்பிவிடலாம்.
துவர்ப்பு, துப்பிய பிறகும் நாக்கைப் பிடித்திருக்கும்,
பேசுவதற்கான ஈரத்தை எடுத்துக்கொண்டு.
அன்று அவர் அதற்குமேல் பேசவில்லை.
“அவ்வளவுதான், துவான்” என்று நான் முடித்துவைத்தேன்.
அதை அவர் சொல்லவேயில்லை.

ஐந்தாம் நீர் ஊற்றுகிறாள் சியூ லிங்.
இருந்தால் இனிப்பு திரும்பி வருமாம்,
நெல்லிக்காய்க்குப் பின் தண்ணீர்போல.
எட்டு வரை இருந்தேன்.
வந்ததா என்று கேட்டாள்.
இன்னும் இல்லை என்றேன்.

ஐம்பது கிராம் கட்டச் சொன்னேன்.
பொட்டலத்தின்மேல் நானே எழுதினேன், தமிழில்.
அவள் எழுத்துகளைத் தலைகீழாகப் பார்த்து
“இது என்ன, விலையா?” என்றாள்.
தராசு வழக்கம்போல் சாய்ந்தே நின்றது.
இன்னும் ஒரு விள்ளல் போட்டாள்.
அப்போதும்.