பூனைதான்

முதல் தடவை சாக்குக் கால்மிதியில்.
இரண்டாம் தடவை அரிசி வாளிக்கும் சுவருக்கும் நடுவில்.
மூன்றாவது என் வெள்ளைக் கோட்டில்,
மஸ்கெலியா பார்மசிக்குப் போட்டுப்போகிற ஒரே கோட்டு,
பித்தான் வரைக்கும் மஞ்சள்.

மாசிக்கருவாட்டு நிறம், அதனால் பெயர் மாசி.
கடுவன்.
அடுத்த லயத்துக் கடுவன் இரவில்
எங்கள் கூரைத் தகரத்தில் நடந்துபோனால் போதும்,
விடிவதற்குள் எல்லைக்கல் நட்டுவிடுவான்
இரண்டு காம்பராவுக்கும்.

வெயில் அடிக்கிற ஊரில் இது ஒருநாள் வேலை.
இங்கே ஆனி மாதம்.
துவைத்த துணி மூன்று வாரமாய் அடுப்புக்கு மேலே தொங்குகிறது.
மவுசாக்கலைத் தண்ணீரிலிருந்து எழுந்த மூட்டம்
கதவைத் தட்டாமல் வந்து கட்டிலில் உட்காருகிறது.
ஈரம் ஏற ஏற
போன கிழமை துடைத்ததும் எழுந்துவந்து
தன் பெயரைச் சொல்கிறது.

டெட்டோல் ஊற்றினேன்.
ஆஸ்பத்திரியில் பூனை பெய்த வாடை.
சாம்பிராணி போட்டேன்.
கோயிலில் பூனை பெய்த வாடை.
குளோரின் போட்ட அன்று என் கண் எரிந்தது,
அவன் அதே மூலைக்கு
உரிமையோடு திரும்பி வந்தான்.
கடைசியில் நஸ்ரினா ராத்தா சொன்னபடி
வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி,
ஒற்றி எடுத்து, மேலே அப்பச்சோடா தூவி
ஓர் இரவு விட்டுக் கூட்டி அள்ளினேன்.
அடங்கியது.
அதற்குள் என் மூக்கும் படித்துவிட்டது.

அதனால்தான் தெரிந்தது,
மாமாவின் மெத்தையில் இருந்தது பூனை இல்லை.

பூனையுடையது மூக்கின் உச்சியில் குத்தும்.
இது கீழே கிடந்தது, கனமாக,
சீனி வியாதியின் மெல்லிய இனிப்போடு.
போர்வையைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு
மாமா கதவோரம் நின்றார்.
"பூனைதான் புள்ள."

முப்பத்தொரு வருஷம் பெக்டரியில்
கொழுந்து சிவக்கிற மேசையருகே நின்றவர்.
அடுப்புக்குப் போகும் நிமிஷத்துக்கு
டீமேக்கர் கைக்கடிகாரத்தைப் பார்க்கமாட்டாராம்,
மாமாவின் மூக்கைத்தான் பார்ப்பாராம்.

"சனியனே" என்று மாசியைத் திட்டினேன்
பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கிற மாதிரி.
அடுப்படியில் கிடந்தவன்
ஒரு காதை மட்டும் திருப்பினான்.

பூனைக்காக ரப்பர் சீட் வாங்கி
மாமாவின் மெத்தையில் விரித்தேன்.
பூனைக்காக ராத்திரித் தேத்தண்ணியை
ஏழு மணிக்கு முன்னால் கொடுத்தேன்.
கடையில் மூன்றாம் தட்டில்
பெரியவர்களுக்கான பம்பர்ஸ் அடுக்குவது நான்தான்.
பூனையின் பெயரில் அதைக் கொண்டுவர
வழி தெரியவில்லை.

புதன்கிழமை மாசி போய்விட்டான்.
கீழ் டிவிசனில் ஏதோ பெட்டை.
அன்று பிடித்த மழை வெள்ளி வரைக்கும் விடவில்லை,
காற்றுக்குச் சன்னல் அடித்துக்கொண்டது.
கொக்கி போதாதென்று கயிறு கட்டியது மாமா.
மூன்று முடிச்சு.

சனி காலை அவர் கட்டில் விளிம்பில் இருந்தார்.
போர்வையைச் சுருட்டவில்லை.
பூனையின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்,
மூன்று நாள் சோறு, பூசணம் பூத்து.

குனிந்து மோந்தேன்.
கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.
"ராத்திரி வந்துட்டுப் போயிருக்கான் மாமா,
சன்னல் வழியா."

சன்னலைப் பார்த்தார்.
முடிச்சைப் பார்த்தார்.
"ஆமா புள்ள. நானும் சத்தம் கேட்டேன்."

வினாகிரிப் போத்தலை நான் எடுக்க
அவர் எழுந்து போய்
கயிற்றை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார்.
முதுகு என் பக்கம்.
"ஒங்க கடையில... பூனைக்குக் கட்டுற மாதிரி
ஏதும் விக்கிறாங்களா?"

மூன்றாம் தட்டு என்று வாய்வரை வந்தது.
"கேட்டுப் பார்க்கிறேன் மாமா" என்றேன்.