காற்றுக்கு இரண்டு புள்ளி

நாளை மறுநாள் தர்ஷாயினிக்கு இலக்கியத் தாள்.
சாப்பாட்டு மேசையில் அண்ணனின் சிறுகதை
மஞ்சள் பேனாவில் பாதிக்கு மேல் நனைந்து கிடக்கிறது.
பூட்டிய கம்பிக் கதவு எதன் குறியீடு?
கேட்பதும் அவள்தான்,
விடைப்பட்டியைப் பார்த்துச் சொல்வதும் அவள்தான்:
சமூக ஒடுக்குமுறை. இரண்டு புள்ளி.

வாய் வரை வந்தது.
அது கதவுதான் மகளே.
ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி, ஒன்பதாம் தளம்,
துருவேறிய பச்சைக் கம்பி,
பாசார் மாலாமில் பேரம் பேசி வாங்கிய பூட்டு.
இரவு ஏழுக்கு
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்து ஹாரன் அடிக்கும்.
நீலச் சீருடையில் அம்மா
வெளியே நின்று பூட்டி,
சாவியைக் கம்பி வழியே உள்ளே போடுவாள்.
தீப்பிடித்தால் கைவிட்டுத் திறக்க.
தீப்பிடித்தால் மட்டும்.

கதையில் சாவி மைலோ டின்னில் இருக்கிறது.
அதுவும் உண்மை.
(உழைப்பாளியின் சேமிப்பாம். ஒரு புள்ளி.)

கதையில் ஒரே பிள்ளை.
ஒன்பது வயது.
பக்கத்து வீட்டில் மாஜோங் கட்டைகளைக் கலைக்கும் சத்தத்தை
மழை என்று நினைத்துத் தூங்கிப்போகிறவன்.
அதை மழை என்று அவனுக்குச் சொன்னது நான்.
எனக்கு ஆறு வயது.
இருவருக்கும் ஒரே போர்வை,
அவன் கால் எப்போதும் சில்லென்றிருக்கும்.

பதினோரு பக்கத்திலும் என்னைத் தேடியிருக்கிறேன்.
புத்தகம் வந்த வருஷம்,
மருத்துவமனைப் பதிவு முகப்பில்,
ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில்.
இல்லை.
கோபம் என்று நினைத்தேன்.
நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

"அம்மா, இந்த இடம்தான் விளங்கவில்லை.
அப்பா வெளியே நிற்கிறார்.
காற்று வந்தது, கதவு திறந்துகொண்டது என்று இருக்கிறது.
பூட்டிய கதவை எந்தக் காற்று திறக்கும்?
ஆசிரியை, காற்று என்றால் விதி என்கிறார்.
டியூஷன் சார் மாய யதார்த்தம் என்கிறார்.
எதை எழுத?"

எழுந்துபோய்
கழுவிய தட்டையே மறுபடி கழுவுகிறேன்.

அந்த நடைவழியில் காற்றே கிடையாது.
மூங்கில் கழியில் போட்ட துணி
மூன்றாம் நாளும் ஈரவாடை அடிக்கும்.

அன்றைக்கு அப்பா கத்தவில்லை.
கத்தியிருந்தால் பயந்திருப்பேன்.
கம்பிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து
என் பெயரை, முழுப் பெயரை,
பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவதுபோல் மெதுவாகச் சொன்னார்.
ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார்.
ரம்புத்தான்.
மங்கலான விளக்கிலும் சிவப்பு தெரிந்தது.
அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான்.
மைலோ டின் எனக்கு எட்டாது.
நாற்காலி போட்டால் எட்டும்.

பிறகு நடந்ததற்கு
அண்ணன் ஆறு வரிதான் கொடுத்திருக்கிறான்.
ஆறிலும் ஒரு வசைச்சொல் இல்லை.
இடது காது அன்றோடு சரி.
'அடக்கமானவர், தலை சாய்த்துக் கேட்பவர்' என்று
முன்னுரையில் ஒருவர் பாராட்டியிருக்கிறார்.

பொது மருத்துவமனை பெஞ்சில்,
சீருடை மாற்றாத அம்மா கேட்டாள்:
யார் திறந்தது?
நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்,
விரலில் ரம்புத்தான் சாறு பிசுபிசுத்தது.
காதில் பஞ்சு வைத்திருந்த அண்ணன்
அவளைப் பார்க்காமல் சொன்னான்,
"தெரியலம்மா. காத்தா இருக்கும்."

அவ்வளவுதான்.
முப்பத்தாறு வருஷத்தில்
அந்த வாக்கியத்தில் அவன் மாற்றியது
காத்து என்பதைக் காற்று என்று.

குழாயை மூடுகிறேன்.
"விதி என்றே எழுது. புள்ளி கிடைக்கும்."
அவளுக்குத் திருப்தியில்லை.
பேனா மூடியைக் கடிக்கிறாள்.
"நாளைக்கு மாமா வருகிறாரே,
அவரையே கேட்கட்டுமா?"

கேள்.
வலப்பக்கம் போய் நின்று கேள்.