வழித்தடம் நாற்பத்தொன்று

மரக்காய்போ மின்வாரியத்தில் எனக்குத் தந்த தாளில்
பதினேழு வீடுகள், பதினேழு மீட்டர்கள்,
மேலே சிவப்பு மையில் ஒரே சொல்: பாக்கி.
படகுக்காரன் எதில்பெர்த்தோ அதை வாங்கிப் பார்த்துவிட்டுப்
பன்னிரண்டு பெயர்களை ஈர விரலால் அழித்தான்.
"இவங்கல்லாம் போயாச்சு. வீட்டோட."
வீட்டோடு எப்படிப் போவார்கள் என்று நான் கேட்கவில்லை.
தாளில் இல்லாததைக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு.

கத்ததும்போ ஆறு ஏரியில் வந்து விழும் இடம்.
தூண்களின் மேல் பலகை வீடுகள்.
தெரு என்பதே தண்ணீர்தான்;
அந்தத் தெருவில் புல் முளைத்திருந்தது.
ஆறு மண்ணைக் கொட்டிக் கொட்டி
ஏரியைத் தரையாக்கிக்கொண்டிருக்கிறது.
மீன் திரிந்த வாசலில் தவளை.
படகு வந்த படிக்கட்டில் பாம்புச் சட்டை.

யூலெய்மா வீட்டு மீட்டர்
கோழிக்கூண்டுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கியது.
மூவாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.
கம்பி அறுந்து பதினொரு மாதம்.
"சக்கரம் சுத்துதா பாருங்க" என்றாள்.
சக்கரத்தின் மேல் சிலந்தி முட்டையிட்டிருந்தது.

இருட்டிவிட்டது. நீர் வற்றிய கால்வாயில்
இரவில் படகு போகாது என்றார்கள்.
நாற்காலி ஒன்றைத் தந்தார்கள்.

முதலில் தெற்கே, மலைப்பக்கம்,
யாரோ தீக்குச்சி கிழித்து ஊதி அணைத்தாற்போல் ஒன்று.
இன்னொன்று.
பிறகு மேகம் உள்ளேயிருந்தே பற்றிக்கொண்டது.
வானத்துக்கு வேர்விட்டது, வேருக்கு வேர்விட்டது,
ஏரி ஒவ்வொன்றையும் தலைகீழாய் நட்டுக்கொண்டது.

பழக்கதோஷம், எண்ணத் தொடங்கினேன்,
மின்னலுக்கும் இடிக்கும் நடுவே,
ஒன்று, இரண்டு, மூன்று…
அறுபது வந்தது. இடி வரவில்லை.
அதற்குள் முப்பது மின்னல் வெட்டிவிட்டது.
"எண்ணாதீங்க. தூரம். சத்தம் வராது இங்கே,
வெளிச்சம் மட்டும்தான் வரும்."

அந்த வெளிச்சத்தில் அவள் மீன் அறுத்தாள்.
கத்தி தெரியும். பிறகு ஒன்றும் தெரியாது.
பிறகு மீன் இரண்டாய்க் கிடக்கும்.
பையன் யோர்மான் குப்புறப் படுத்துக்
கணக்குப் போட்டான்:
தொண்ணூற்றாறை, மின்னல்,
எட்டால், மின்னல்,
வகுத்தால் என்பதற்குள் நீண்ட இருட்டு.
பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான்,
பேருந்துக்குக் காத்திருப்பவன்போல,
கொஞ்சம்கூட அவசரமில்லாமல்.

என் சட்டைப் பையிலும் ஒரு மின்னல் உண்டு,
மஞ்சள் நூலில் தைத்தது, வாரியத்தின் முத்திரை.
அதைக் கையால் மூடிக்கொண்டேன்.
ஏன் என்று தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லை.

விடிந்ததும் வாளோடு நான்கு பேர் வந்தார்கள்.
இரண்டு பெரிய படகுகளைச் சேர்த்துக் கட்டி
வீட்டுக்கு அடியில் செருகினார்கள்.
தூண்களை ஒவ்வொன்றாய் அறுத்தார்கள்.
கடைசித் தூணில் வீடு ஒருமுறை முனகியது;
அப்புறம் மிதந்தது,
அடுப்போடு, கோழியோடு, கன்னி மாதா படத்தோடு,
கொடியில் காய்ந்த பாவாடையோடு.

யூலெய்மா ஆணியிலிருந்து மீட்டரைக் கழற்றி
என் மடியில் வைத்தாள்.
"உங்க சாமான் உங்ககிட்டயே இருக்கட்டும்."
பிறகு தெற்கே கைகாட்டி,
"அது உங்க ஊர்ல தெரியுமா?"
தெரியும் என்றேன். மாடியில் நின்றால் தெரியும்,
கரண்ட் போன இரவுகளில் நன்றாகவே.
"எவ்வளவு பெருசா?"
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன்.
அந்த நகத்தையே சற்று நேரம் பார்த்தாள்.
"அவ்வளவுதானா" என்றாள்.

வீடு மெல்ல வடக்கே திரும்பியது.
சன்னலில் யோர்மான். அவனுக்குக் கையாட்டத் தோன்றவில்லை.

தாளை எடுத்தேன்.
முந்தைய அளவு, இன்றைய அளவு, இரண்டும் ஒன்றே.
குறிப்புக் கட்டத்துக்கு வாரியம் தந்த சொற்கள் மூன்று:
வீடு பூட்டு. நாய். மீட்டர் பழுது.
ஒன்றும் பொருந்தாமல்,
முட்டைகள் நசுங்காதபடி மீட்டரை ஒருக்களித்துப் பிடித்து,
எழுதினேன்:
வீடு போய்க்கொண்டிருக்கிறது.

எதில்பெர்த்தோ மோட்டாரின் கயிற்றை இழுத்தான்.
"இன்னும் நாலு வீடு இருக்கே, பார்க்கணுமா?"