டோக்கன் நாற்பத்தொன்று

தேசிய இசை விருது இரவு.
பிராயாவில் காற்றுக்கு அன்றும் விடுப்பில்லை.
சிவப்புக் கம்பளத்தின் நான்கு மூலையிலும்
நான்கு சிமெண்ட் கல்.
கல் படத்தில் தெரியாமலிருக்கப் பூந்தொட்டி வைத்தார்கள்.
பூந்தொட்டி இரண்டு முறை விழுந்தது.

என் இடம் பக்கவாசல்,
கலைஞர்கள் நுழையும் வழி.
ஒரு மேசை, ஒரு பெட்டி, ஒரு பதிவேடு,
உலோகம் கண்டால் கத்தும் ஒரு கோல்.
பெட்டியில் அதுவரை
பதினோரு லைட்டர், மூன்று கத்தரிக்கோல்,
அமைச்சரின் மச்சான் விட்டுப்போன கரும்புச் சாராயம்,
ஒரு பாடகியின் காலைக் கடித்த செருப்பு
(இதற்குத் தடையில்லை என்றேன்,
பார்த்துக்கொள் என்று போய்விட்டாள்).

எட்டேகாலுக்கு வந்தார் செஃபெரினோ,
அசொமாடாவிலிருந்து, மூன்று வண்டி மாறி.
கையில் இரண்டு முழ இரும்புச் சட்டம்.
ஃபெரின்யு, என்றார்.
இந்தத் தீவில் யாருக்குத் தெரியாது?
இரும்பைத் தோளில் சாய்த்துக்
கத்தியால் இழுக்க வேண்டும்.
இழுக்க இழுக்கக் கல்யாண வீடு எழுந்து ஆடும்.

கத்தி சட்டைக்குள் இருந்தது,
கைக்குட்டையில் சுற்றி.
கோல் கத்தியது.

இரும்புக்கு அனுமதி உண்டு, கத்திக்கு இல்லை.
அழைப்பிதழின் பின்பக்கம், நான்காம் விதி.
முன்பக்கம் அவர் பெயரும் இருந்தது,
‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள்.

"கத்தி இல்லாவிட்டால் இது ஜன்னல் கம்பி, மேடம்."
"விதி இல்லாவிட்டால் எனக்குச் சம்பளம் இல்லை."
பதிவேட்டில் இரண்டே கட்டம்:
ஆயுதம். மற்றவை.
முதலாவதில் எழுதினேன்.

அவர் உள்ளே போகவில்லை.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
இரும்பை மடியில் கிடத்திக்கொண்டார்.
அவரில்லாமல் அவர் குழு வாசித்தது.
பாவம் அக்கார்டியன்,
ஒற்றைக்காலில் நடந்து முடித்தது.

சிறந்த குரல் சுலைக்கா.
ராட்டர்டாமிலிருந்து திரையில் வந்து
நன்றி சொல்ல வாய் திறந்தவள்
அப்படியே உறைந்துபோனாள்.
அரங்கம் அவள் பல்வரிசைக்குக் கைதட்டியது.
சிறந்த மோர்னா, இறந்துபோன ஒருவருக்கு.
மகன்கள் இருவரும்
கோப்பையில் ஆளுக்கொரு காதைப் பிடித்தபடி
என் மேசையருகே வந்து
தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள்.

ஆண்டின் சிறந்த ஃபுனனா:
கில்வாண்ட்ரோ, லிஸ்பன்.
பாட்டை ஒலிக்கவிட்டார்கள்.

செஃபெரினோ நிமிர்ந்தார்.
"அது இது," என்றார்
என் பெட்டியைக் காட்டி.

இரண்டு வருடம் முன்னே ஒரு பையன் வந்தானாம்.
மாமரத்தில் மைக்கைக் கட்டி
ஒரு மதியம் முழுக்க இழுக்கச் சொன்னானாம்.
ஆயிரம் எஸ்கூடோ. ஒரு கோலா.

எப்படிச் சொல்கிறீர்கள்?

"கேளுங்கள். நாலு இழுப்புக்கு ஒருமுறை விக்கும்.
நுனியிலிருந்து மூன்று விரல் தள்ளி
ஒரு பல் போயிருக்கிறது.
ஆட்டெலும்பில் போனது."

கேட்டேன்.
நாலு இழுப்பு. விக்கல்.
நாலு இழுப்பு. விக்கல்.
லைட்டர்களுக்கு அடியில்
வாய் பொத்திக் கிடந்த ஒன்று
கதவுக்கு அந்தப்பக்கம்
ஆயிரம் பேரை எழுப்பி ஆட்டிக்கொண்டிருந்தது.

கில்வாண்ட்ரோ கடவுளுக்கு நன்றி சொன்னான்,
அம்மாவுக்கு, விமான நிறுவனத்துக்கு.
கைதட்டல்.
செஃபெரினோவும் தட்டினார்.
பழக்கமாக இருக்கலாம். நான் கேட்கவில்லை.

ஒரு மணிக்கு வென்றவர்கள் வெளியேறினார்கள்.
விருதின் முனை அத்தனை கூர்,
என் கோல் ஒவ்வொன்றுக்கும் கத்தியது.
வெளியே போகிறவர்களைச் சோதிக்கும் வழக்கமில்லை.

அவர் டோக்கனை நீட்டினார்.
கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமல்
கையெழுத்துப் போட்டார்.
கடைசி வண்டி போயிருந்தது.
பையிலிருந்து ஆட்டுப்பால் சீஸ் ஒரு வட்டு எடுத்தார்,
கத்தியைக் கால்சட்டையில் துடைத்து
என் பதிவேட்டின் மேலேயே வைத்து அறுத்தார்.
எனக்கும் ஒரு துண்டு.

வெள்ளைப் பரப்பில்
ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி
நூல்போல் ஒரு வரப்பு.
நாக்கால் தொட்டுப் பார்த்தேன்.

வாசலில் பூந்தொட்டி
மூன்றாம் முறை விழுந்தது.