கெண்டையூர்

தடைக்காலத்தின் நான்காம் நாள்.
தங்கச்சிமடம் கரையில் படகை ஏற்றிவைத்து
அடிப்பலகையில் கொட்டலசு சுரண்டுகிறேன்.
சட்டைப்பையில் ஃபோன் அதிர்கிறது.
ஜெசிந்தா.

பெல்ஜியத்தில் கெண்ட் என்று ஓர் ஊர்.
சொன்ன அன்றே “கெண்டையா?” என்றார் அப்பா.
அதிலிருந்து எங்கள் வீட்டில் அது கெண்டையூர்.
கடலைப் படிக்கப் போனவள்
கடலுக்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் குடியிருக்கிறாள்.
இப்போது ஈஸ்டர் விடுமுறை.
மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு
நாடு நாடாகச் சுற்றுகிறாள்.

வசந்தம் என்கிறாள்.
பல் தந்தியடிப்பது குரல்பதிவில் கேட்கிறது.
இங்கும் இளவேனில்தான்.
செருப்பில்லாமல் மணலில் பத்தடி நடந்தால்
தெரியும்.

ராத்திரி பஸ் ஒன்பது யூரோ.
அப்பா மனசுக்குள் பெருக்கிப் பார்த்து
“மெட்ராஸ் ஆம்னிக்காரனே இதுக்கு மேல கேக்குறான்” என்று
நிம்மதியாகப் பீடி பற்றவைத்தார்.
விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரே அறை.
மதியத்துக்கு வாங்கிய ரொட்டியே ராத்திரிக்கும்.
நான் கட்டிக்கொடுத்த நெத்திலிக் கருவாட்டை
லக்ஸம்பர்க்கில் பொதுச் சமையலறையில் வறுத்திருக்கிறாள்.
புகை அலாரம் அலறி
பன்னிரண்டு நாட்டுப் பிள்ளைகள் மழையில் நின்றார்களாம்.
ஒரு போர்ச்சுகல்காரி மட்டும்
மோந்து பார்த்துவிட்டுத்
தட்டை நீட்டினாளாம்.

இன்று ஒரு பாலத்தில் நிற்கிறாள்.
கீழே ரைன் ஆறு.
இந்தக் கரை பிரான்ஸ், அந்தக் கரை ஜெர்மனி.
“பாருண்ணே” என்று நடுப்பாலத்தில்
காலுக்கொரு நாடாக வைத்துக் காட்டுகிறாள்.
கோடு எங்கே என்றேன்.
குனிந்து தேடினாள். காணோம்.
ஒரு கிழவி நாயோடு கடந்துபோனாள்,
ஒருவன் கேக் பெட்டியோடு.
ஃபோன்தான் குழம்பிப்போயிருக்கிறது:
பிரான்ஸ் வரவேற்கிறது, ஜெர்மனி வரவேற்கிறது,
மறுபடியும் பிரான்ஸ்.

“ஆழம் எத்தன பாகம்?” அப்பா குறுக்கே வந்தார்.
தெரியலப்பா.
“மீனு?”
தூண்டில் போட்டிருந்த ஒருவரிடம் ஓடினாள்.
அவர் மீனைக் காட்டுவதற்கு முன்
மடிப்புக் கலையாத உரிமச்சீட்டை எடுத்துக் காட்டினார்,
ஏதோ அதிகாரி என்று நினைத்து.
வெகுநேரம் சிரித்தார் அப்பா.
“நம்மாளு” என்றார்.

எனக்கும் வந்ததுண்டு அப்படியொரு குறுஞ்செய்தி.
மூன்று வருஷம் முன்னால், தை மாத வாடை,
ராத்திரி இரண்டரை மணி.
மடியில் இறால் ஏறிக்கொண்டிருந்தது.
ஸ்ரீலங்கா உங்களை வரவேற்கிறது,
அழைப்புக்கு நிமிடம் இவ்வளவு.
வாசித்து முடிப்பதற்குள்
முகத்தில் வெளிச்சம்.

பாஸ்போர்ட் இல்லாத என் வெளிநாட்டுப் பயணம்
யாழ்ப்பாணம், இருபத்தொரு நாள்,
ஓர் அறைக்குப் பதினாறு பேர்.
படமும் எடுத்தார்கள்,
நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.
கோர்ட்டு வாசலில் அந்த ஊர்க்காரர் ஒருவர்
எங்கள் இழுவைமடி அறுத்த தன் வலையின் துண்டை
என் கையில் வைத்துவிட்டுப் போனார்.
திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நான் வந்துவிட்டேன். படகு வரவில்லை.
இது வேறு, பழசு, வட்டிக்கு வாங்கியது.
ஜெசிந்தா அங்கே படிப்பது
இழுவைமடி உழுத கடல்தரையில்
மறுபடி என்ன முளைக்கும் என்பதை.
இதை நாங்கள் இரண்டு பேரும்
ஃபோனில் பேசுவதில்லை.

“நாளைக்கு பாசெல்” என்கிறாள் கத்தி,
ஆற்றுக்காற்று பாதியைப் பிடுங்கிக்கொள்ள.
“அங்க மூணு நாடு ஒண்ணா சேருதாம்!”

அப்பா பீடியை மணலில் நசுக்கினார்.
“காலு ரெண்டுதானே இருக்கு” என்றார்.