மண் இறுகும் முன்

வோர்ம்சி தீவின் படகுத்துறையில்
யார் இறங்கினாலும் வாலாட்டும் கறுப்பு நாய்
இன்று வரவில்லை.
அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.
பையில் இரண்டு ஊசிகள். முதலாவது தூக்கத்துக்கு.

"இன்றைக்குப் பரவாயில்லை டாக்டர், ஈரல் தின்றான்"
என்றார் எந்தெல், கதவைத் திறந்தபடியே.
நான் கோட்டைக் கழற்றவில்லை.
பிறகு கழற்றினேன்.

சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:
"குழியை அக்டோபரிலேயே வெட்டிவிட்டேன்.
உறைபனி விழுந்தால் கடப்பாரை இறங்காது.
நோகியும் கூடவே நின்று பறித்தான்,
முன்னங்கால் இரண்டாலும்.
விளையாட்டு என்று நினைத்திருப்பான்."

சட்டி எப்போதோ சுத்தமாகிவிட்டது.
இன்னும் தேய்த்தார்.

"நல்ல நாளில் அனுப்பலாமா?"

என் பூனைக்கு
ஒரு மோசமான நாள் வரட்டும் என்று காத்திருந்தேன்.
வந்தது, விடியற்காலை மூன்று மணிக்கு.
அதை மட்டும் சொன்னேன்.

தரையில் உட்கார
அவர் முழங்கால்களுக்கு வெகுநேரம் பிடித்தது.
நோகி அவர் செருப்பின் மேல் தாடையை வைத்தான்.
காலில் நாணயம் அளவுக்கு மயிரை மழித்தேன்.
"உள்ளே இவ்வளவு வெளுப்பா?" என்றார்.
பதினான்கு வருடமாகப் பார்த்ததில்லையாம்.

முதல் ஊசி. குறட்டை.
அப்புறம் இரண்டாவது.

"நின்றுவிட்டது" என்றேன்.
"நானும் கேட்கலாமா?"
ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டிவிட்டேன்.

கண்ணை மூடிக் கேட்டார்.
கேட்டுக்கொண்டே இருந்தார்.
என்ன கேட்கிறது என்று நான் கேட்கவில்லை.

துறையில் கடைசிப் படகு ஊதியது.
மூவரில் யாரும் எழவில்லை.