எஸ், ஓ

வேனிலிருந்து முதலில் இறங்கினது ஒரு கைத்தடி.
பிறகு விஜேதிலக, அவற்றை மனுசி, பேத்தி,
ஒரு பெட்டி தொதல்.
பொன்னாலையில் மறிச்சு
தொதலையும் கம்பியால் குத்திப் பார்த்தவையாம்.

பாதை திறந்த வருசம்.
ஒரே கப்பலில் சோறு தின்ற பதினொரு பேரில்
இன்னும் நடக்கக் கூடிய நாலு பேர்
கசூரினாக் கடற்கரையில்.

ஆம்பிளையள் சவுக்கு நிழலில் வளைஞ்சிருந்து
அவளைப் பற்றித்தான் கதைச்சவை.
இடப்பக்கம் கொஞ்சம் சரிவாம் அவளுக்கு.
திருகோணமலைக்கு வெளியே ஒரு ராத்திரி
ஆணி ஆணியாய் அழுதவளாம்.
வித்து, உடைச்சு, பழைய இரும்பாக்கின பிறகும்
அவளுக்கு வயசு போகேல்லை.
நாங்கள் மனுசிமார்
சக்களத்திகள் போலப் பேசாமல்
கூழுக்கு நண்டு உடைச்சுக் கொண்டிருந்தம்.

துவான் ஜயாத் வரேல்லை. மோசம் போய் ஆறு வருசம்.
அவற்றை பெஞ்சாதி விசிலைக் கொண்டு வந்திருந்தா.
ஊத ஒருத்தருக்கும் மூச்சுக் காணேல்லை.
பேத்திப்பிள்ளை வாங்கி ஊதினாள்:
எங்கேயோ கிடந்த நாலு நாயள்
ஓடி வந்து வரிசையில் நிண்டுதுகள்.
அப்பிடிச் சிரிச்சம்.

விஜேதிலகவின்ரை மனுசி ஒரு படம் காட்டினா.
மகன். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி.
"இப்ப எங்கை?" எண்டன்.
படத்தைத் திரும்ப உறைக்குள் வைச்சா.
பிறகு, தெரிஞ்ச நாலு தமிழில்,
"உங்கட மகன்?"
நான் குனிஞ்சு அடுப்பை ஊதினன்.

வத்துப் பெருக்கு. கடல் முழங்காலுக்கும் கீழே.
கிழவர் இரண்டு பேரும்
கை துடைக்க வைச்ச துவாயளைத் தூக்கிக் கொண்டு
ஒருவர் இந்தக் கரையில், மற்றவர் தண்ணிக்குள் எட்ட.
இரண்டு பேருக்கும் காது மந்தம். இதுதான் லேசாம்.
சிக்னல்காரர்.

எனக்கு அந்தப் பாசை தெரியும்.
கலியாணம் கட்டின புதிசில்
கொடியில் நான் உடுப்புப் போடேக்கை
வேலிக்கு அங்காலை நிண்டு இவர் கையால் கதைப்பார்.
மாமிக்கு விளங்காது.
இருபத்தாறு எழுத்தும் பாடம்.
இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

இவர் கேட்டது நேரான கேள்வி: சாப்பிடுவமா?
அங்காலை துவாய் எழும்பினது.
எஸ்.
பிறகு ஒரு கை நெஞ்சைக் குறுக்கால் தாண்டினது.
ஓ.

அதோட காவல் கோபுரத்திலிருந்து பெடியன்
துவக்கோட ஓடி வந்தான்.
கையைத் தூக்கச் சொல்லிக் கத்தினான்.
தண்ணிக்குள் நிண்டவருக்குக்
கை ஏற்கெனவே மேலைதான்.
இவர் தூக்கின விதம்:
துவாயை விட்டிட்டு, விரலை விரிச்சு,
முழங்காலையும் மடிச்சு.
அது கப்பலில் பழகினது இல்லை.

விஜேதிலக தண்ணியை உதைச்சுக் கொண்டு வந்து
சிங்களத்தில் பேசின பேச்சு
எனக்கு முழுக்க விளங்கேல்லை.
தன்ரை பழைய இலக்கத்தைச் சொன்னார்,
இவற்றை இலக்கத்தையும் சொன்னார்.
ஒண்டும் மறக்கேல்லை.
பெடியனுக்கு மீசையே அரும்பேல்லை.
என்ன செய்தி அனுப்பினனீங்கள் எண்டு கேட்டான்.
"பசி" எண்டார் விஜேதிலக.
பிளாவில் கூழ் வார்த்துக் குடுத்தம். வேண்டாமெண்டான்.
தொதல் ஒரு துண்டு வாங்கிச் சட்டைப் பைக்குள் வைச்சான்.

பிறகு துவாயை ஒருத்தரும் தூக்கேல்லை.

எஸ், ஓ.
சூப் எண்டு கூழைச் சொல்ல வந்தாரா?
சன் எண்டு மகனையா?
ஆற்றை மகனை?
இல்லாட்டி
சொறி எண்டா?
எல்லாம் அந்த இரண்டு எழுத்தில்தான் தொடங்குது.
இவருக்கும் தெரியும். கேக்கேல்லை.
விஜேதிலகவுக்கு மூண்டாம் தரமும் கூழ் வார்த்தார்.
அந்தாளுக்கு உறைப்பில் கண்ணும் மூக்கும் ஒழுகினது.
உறைப்புத்தான் எண்டு நாங்களும் சொன்னம்.

பொழுதுபட வேன் வெளிக்கிட்டுது.
ஜன்னலுக்கால் ஒரு கை நீண்டு
கனதூரம் ஆடிக்கொண்டே போனது.
ஒரு கையால்
ஏ தொடங்கி ஜீ மட்டும் ஏழு எழுத்துத்தான் வரும்.
மிச்சத்துக்கு மற்றக் கை வேணும்.

வீட்டை வந்து
இவர் இரண்டு துவாயையும் உப்புப் போக அலசி
தானே கொடியில் போட்டார்.